முயல் சினைப்பட்டுவிட்டதோ? முதல் நாளிலிருந்தே எண்ண வேண்டிய 31 நாட்கள்

பிள்ளைகள் கேட்டுக் கேட்டு வாங்கிய இரண்டு முயல்கள். "இரண்டும் பெட்டைதான், பயப்படாதீங்க" என்று விற்றவர் உறுதி சொல்லியிருப்பார். வளவின் மூலையில், தென்னை நிழலில், கம்பிவலை அடித்த ஒரு கூடு. மூன்று நான்கு மாதம் எல்லாம் நன்றாகவே போகும். பிறகு ஒரு நாள் ஒன்று மற்றதன் மேல் ஏறுவதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். அல்லது யாரும் எதையும் பார்க்காமலே, ஒரு விடியற்காலையில் கூட்டின் மூலையில் பஞ்சுபோல் உரோமம் குவிந்திருக்கும். அதற்குள் ஏதோ அசையும்.

குறிஞ்சிப்பிட்டியிலும் கற்பிட்டிக் குடாநாட்டின் மற்ற ஊர்களிலும் முயல் வளர்ப்பவர்களுக்கு இது புதிய கதையல்ல. இறைச்சிக்காக வளர்ப்பவருக்குக் குட்டி என்பது வருமானம். செல்லமாக இரண்டை மட்டும் வளர்க்கும் வீட்டுக்கு அது திடீர்ச் சுமை. அந்தச் சுமையைவிட ஆபத்தானது, பதற்றத்தில் செய்யும் தவறுகள். முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாட்கள்தான். யோசித்துக்கொண்டே இருந்தால் முடிவெடுக்கும் காலம் கடந்துவிடும். சந்தேகம் வந்த அன்றே செய்ய வேண்டியவை இரண்டு: பிரித்து வையுங்கள், நாட்காட்டியில் குறியுங்கள். மற்றவை எல்லாம் அதன் பிறகு.

எப்படி நடந்தது?

முதற்காரணம் ஆண், பெண் அடையாளம் பிழைப்பது. முயல் குட்டியைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வது பழகியவர்களுக்கே கடினம். ஆண் முயலின் விதைகள் வெளியே தெரிய ஏறக்குறைய 10 முதல் 12 வாரம் ஆகும். அதற்கு முன் விற்கப்படும் குட்டிகளில் தவறு நடப்பது சாதாரணம்.

இரண்டாவது, வயதைக் குறைவாக மதிப்பிடுவது. சிறிய இன முயல் மூன்றரை, நான்கு மாதத்திலேயே சினைப்பட முடியும். நடுத்தர இனங்கள் நான்கு முதல் ஆறு மாதத்தில் தயாராகிவிடும். "இன்னும் குட்டிதானே", "அண்ணன் தங்கைதானே" என்று சேர்த்து விடுவதில் பயனில்லை. முயலுக்கு உறவுமுறை தெரியாது.

மூன்றாவது, முயலின் உடலமைப்பு. மாடு, ஆடு, நாய்போல் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் பருவத்துக்கு வரும் பிராணி அல்ல அது. கூடல் நடந்த பின்னர்தான், ஏறக்குறைய 10 மணி நேரத்தில், பெட்டையின் சினைமுட்டை வெளிவருகிறது. ஆகவே கூடல் நடந்தால் சினைப்படும் வாய்ப்பு மிக அதிகம். அதற்குச் சில விநாடிகளே போதும். ஆண் முயல் ஒரு முனகலோடு பக்கவாட்டில் விழுந்தால் கூடல் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். "கொஞ்ச நேரம்தான் வெளியே விட்டோம்" என்பது ஆறுதலுக்குரிய காரணமல்ல.

வேறு இரண்டு வழிகளையும் மறக்க வேண்டாம். விதை நீக்கம் செய்த ஆண் முயல், சத்திரசிகிச்சைக்குப் பின்னும் நான்கு முதல் ஆறு வாரம்வரை சினைப்படுத்தக் கூடும். ஆணும் பெண்ணும் ஒரே கூட்டில் அடைக்கப்பட்ட கடையிலிருந்து வாங்கிய பெட்டை, வரும்போதே சினையாக இருக்கலாம். தனியாக வாங்கிய பெட்டை மூன்று வாரத்தில் குட்டி போட்டால் அதில் மர்மம் எதுவும் இல்லை.

ஊரில் இன்னொரு விளக்கமும் சொல்வார்கள்: "பற்றைக்காட்டு முயல் வந்து கூடிவிட்டது." அது நடக்காது. நம் காடுகளில் திரியும் முயலும் வீட்டு முயலும் தோற்றத்தில் நெருங்கினாலும் வெவ்வேறு இனங்கள். காட்டு முயலுக்கு 48 நிறமூர்த்தங்கள், வீட்டு முயலுக்கு 44. இரண்டும் சேர்ந்து குட்டி ஈனுவதில்லை. காட்டு முயலின் குட்டி பிறக்கும்போதே உரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வீட்டு முயலின் குட்டியோ உரோமமின்றி, கண்மூடி, காது ஒட்டிப் பிறக்கும். ஆகவே உங்கள் பெட்டை சினைப்பட்டிருந்தால், ஆண் உங்கள் கூட்டிலோ அயல்வீட்டுக் கூட்டிலோதான் இருக்கிறது.

முதல் வேலை: பிரிப்பது

"எப்படியும் சினைப்பட்டுவிட்டது, இனிப் பிரித்து என்ன பயன்?" என்று ஆணையும் பெண்ணையும் சேர்ந்தே விட்டுவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே பெட்டை முயல் மீண்டும் சினைப்படும். ஒரு ஈற்றுக்குப் பாலூட்டிக்கொண்டே அடுத்த ஈற்றைச் சுமக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூன் 1ஆம் திகதி கூடிய சோடி ஜூலை 2இல் குட்டி போடுகிறது. அன்றே மீண்டும் கூடினால் ஓகஸ்ட் தொடக்கத்தில் இரண்டாவது ஈற்று, செப்டெம்பர் தொடக்கத்தில் மூன்றாவது, ஒக்டோபர் தொடக்கத்தில் நான்காவது, நவம்பர் தொடக்கத்தில் ஐந்தாவது. ஈற்றுக்கு ஆறு குட்டி என்று வைத்தால் ஐந்து மாதத்தில் 30 குட்டிகள். அதற்குள் முதல் ஈற்றுக் குட்டிகளும் சினைப்படும் வயதுக்கு வந்திருக்கும். தாயின் உடலோ அதற்கு முன்னரே உருக்குலைந்திருக்கும்.

ஆகவே ஆணைத் தனிக் கூட்டுக்கு மாற்றுங்கள். பெட்டையைப் பழகிய கூட்டிலேயே விடுங்கள். இரண்டு கூடுகளும் ஒரே வலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டாம். இடையில் ஓரடி இடைவெளி இருக்கட்டும். ஒன்றையொன்று பார்க்கலாம், மணக்கலாம், தொட முடியாது என்ற நிலை போதும். வெளியே விடும் நேரத்தையும் மாற்றி மாற்றி வையுங்கள்.

இரண்டாவது வேலை: நாட்காட்டி

கூடலைக் கண்ட திகதி தெரிந்தால் வேலை எளிது. ஜூன் 1 என்று எடுத்துக்கொள்வோம். ஜூன் 11 முதல் 15 வரை, அதாவது 10 முதல் 14ஆம் நாளுக்குள், அனுபவமுள்ள வைத்தியர் வயிற்றைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஜூன் 28 அளவில் ஈற்றுப் பெட்டியை வைக்க வேண்டும். ஜூலை 1 முதல் 3 வரை குட்டிகளை எதிர்பார்க்கலாம். ஜூலை 4 ஆகியும் எதுவும் இல்லையென்றால், அதாவது 33 நாள் கடந்தால், வைத்தியரிடம் போக வேண்டும்.

திகதி தெரியாவிட்டால்? இரண்டும் ஒன்றாக இருந்த கடைசி நாளைக் குறியுங்கள். அதிலிருந்து 33 நாள் கடக்கும்வரை சந்தேகம் தீராது. ஆனால் கூடல் எப்போது நடந்தது என்று தெரியாததால் ஈற்று நாளையே கூட நடக்கலாம். இரண்டும் ஒரு மாதத்துக்கு மேல் சேர்ந்திருந்தன என்றால், காத்திருக்காமல் இன்றே ஈற்றுப் பெட்டியை வையுங்கள். கடையிலிருந்து புதிதாக வாங்கிய பெட்டைக்கும் இதே விதி: வாங்கிய நாளிலிருந்து 33 நாள்.

உண்மைச் சினையா, பொய்ச் சினையா?

முயலின் வயிறு கடைசி வாரம்வரை பெரிதாகத் தெரியாது. ஒன்றிரண்டு குட்டி மட்டும் என்றால் கடைசிவரை தெரியாமலே போகலாம். பெட்டை சிடுசிடுப்பது, கூட்டில் மண் தோண்டுவது, ஆணைத் துரத்துவது ஆகியவை சந்தேகத்துக்குக் காரணமாகலாம். சான்றாக மாட்டா.

சினைப்படாமலே சினைபோல் நடப்பதும் முயலில் உண்டு. இரண்டு பெட்டைகளில் ஒன்று மற்றதன் மேல் ஏறினாலும் சினைமுட்டை வெளிவந்து, உடல் ஏமாந்து, பெட்டை புல் சேர்க்கும், உரோமம் பிடுங்கும், மார்பில் பாலும் சுரக்கும். இந்தப் பொய்ச் சினை பொதுவாக 16 முதல் 18 நாளில் முடிந்துவிடும். உங்கள் நாட்காட்டி இங்கேதான் உதவும். 17ஆம் நாள் அளவில் உரோமம் பிடுங்கினால் அது பொய்ச் சினையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 28ஆம் நாளுக்குப் பின் பிடுங்கினால் குட்டி வரப்போகிறது என்று தயாராகுங்கள்.

வயிற்றை நீங்களே அழுத்திப் பார்க்காதீர்கள். 12ஆம் நாள் கரு ஒரு முந்திரிப்பழ அளவு உருண்டையாகக் கைக்குத் தட்டுப்படும். பழக்கமில்லாத கைக்குக் குடலிலுள்ள புழுக்கையும் கருவும் ஒன்றுபோலவே இருக்கும். அழுத்தினால் கருவும் சிதையலாம், முயலும் உதைத்துத் தன் முதுகெலும்பை முறித்துக்கொள்ளலாம். இரண்டாவது வாரத்தில் ஸ்கேன் மூலம் உறுதி செய்யலாம். எக்ஸ்ரேயில் குட்டிகளின் எலும்பு தெரிவது கடைசிப் பத்து நாட்களில்தான்.

வைத்தியரிடம் கேட்க வேண்டியது

அரச கால்நடை வைத்திய அலுவலகங்களின் அன்றாட வேலை பெரும்பாலும் மாடு, ஆடு, கோழியோடுதான். போகும் முன் தொலைபேசியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: முயல் பார்ப்பீர்களா? முயலுக்குச் சத்திரசிகிச்சை செய்த அனுபவம் உண்டா? இல்லையென்றால் நகரத்துத் தனியார் சிகிச்சை நிலையத்தை நாட வேண்டிவரும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தோடு இணைந்த போதனா வைத்தியசாலையும் உண்டு. ஆனால் குடாநாட்டிலிருந்து அது பல மணி நேரப் பயணம். பயணம் அதிகாலையில், நிழலில், புல்லும் தண்ணீரும் வைத்த பெட்டியில் அமைய வேண்டும்.

தெரிவுகள் இரண்டு. ஒன்று, சினையின் முதல் இரண்டு வாரத்துக்குள் கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சை. நாள் போகப்போகக் கருப்பைக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் ஆபத்தும் கூடும். நான்கு மாதப் பெட்டை சினைப்பட்டாலோ, முயல் நோயாளியாக இருந்தாலோ, குட்டிகளைப் பராமரிக்கவே முடியாத நிலையிலோ இதைப் பற்றிப் பேசலாம். முயலுக்கு மயக்க மருந்து கொடுப்பது நாய், பூனையைவிட நுட்பமான வேலை. அனுபவமுள்ளவரிடம் மட்டுமே செய்ய வேண்டும். நாய், பூனைபோல் முயலைச் சத்திரசிகிச்சைக்கு முன் பட்டினி போடக் கூடாது. முயலால் வாந்தியெடுக்க முடியாது. வயிறு வெறுமையானால் குடல் நின்றுவிடும். இந்தச் சத்திரசிகிச்சையில் நீண்டகால நன்மையும் உண்டு. நான்கு வயது கடந்த பெட்டை முயல்களில் கருப்பைப் புற்றுநோய் மிகவும் பரவலானது. கருப்பை இல்லாவிட்டால் அந்த நோயும் இல்லை.

மற்றது, ஈன விடுவது. பெட்டை ஆரோக்கியமாக, ஆறு மாதத்துக்கு மேற்பட்டதாக இருந்தால் பெரும்பாலும் சிக்கலின்றி ஈனும். குட்டிகள் பால் மறந்த பின் சத்திரசிகிச்சையைச் செய்துகொள்ளலாம். பணம் இல்லையென்றாலோ சத்திரசிகிச்சையில் தயக்கம் இருந்தாலோ, தனித்தனிக் கூடு என்பது செலவில்லாத, நம்பகமான கருத்தடை.

கைவைத்தியம் மட்டும் வேண்டாம். பப்பாசிக்காய், எள்ளு, மனிதருக்கான மாத்திரை என்று எதையும் ஊட்டிக் கருக்கலைக்க முயல வேண்டாம். கரு கலையாமல் தாய் மட்டும் சாகலாம். சினைக்காலத்தில் நீங்களாகப் பூச்சி மருந்தும் கொடுக்காதீர்கள். அல்பெண்டசோல் போன்றவை கருவைப் பாதிக்கும். வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலினை முயலின் வாயில் ஊற்றினால், சினையோ இல்லையோ, குடல் நஞ்சாகி இறக்கக்கூடும். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் பிப்ரோனில் மருந்தும் முயலுக்கு நஞ்சு.

தீனியும் வெயிலும்

சினை என்றவுடன் அள்ளிக் கொட்ட வேண்டாம். முதல் இரண்டு வாரம் வழக்கமான தீனியே போதும். புல்லுக்குக் கணக்கில்லை. கினிப்புல், அறுகம்புல், காய்ந்த புல் எப்போதும் இருக்கட்டும். முருங்கை இலை கொஞ்சம் கொடுக்கலாம். கடைசிப் பத்து நாளில் பெலட் தீனியைப் படிப்படியாகக் கூட்டுங்கள். கொழுத்த பெட்டை கடைசி வாரத்தில் தீனியை நிறுத்தினால், உடல் தன் கொழுப்பையே கரைத்து இரத்தம் நஞ்சாகிச் சாகும் நிலை வரலாம்.

நம் பகுதித் தோட்டங்களில் கிடைப்பதெல்லாம் முயலுக்கு ஆகாது. வெங்காயத் தாள், மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளின் இலை, புகையிலை எதையும் போடாதீர்கள். இபில் இபில் இலையைச் சினை முயலுக்குத் தவிருங்கள். மருந்தடித்த பாத்தியின் கழிவு இலைகள் கழுவினாலும் பாதுகாப்பானவை அல்ல.

வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் முயல் திணறும். சினை முயல் இன்னும் விரைவில் துவளும். தகரக் கூரை நேரடியாகக் கூட்டின் மேல் இருந்தால் மேலே கிடுகு பரப்புங்கள். கடற்காற்று ஓடும்படி கூட்டைத் திருப்புங்கள், ஆனால் ஈற்றுப் பெட்டிக்குள் காற்று நேரே அடிக்க வேண்டாம். தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கட்டும். பாலூட்டும் தாய் குடிக்கும் அளவு உங்களை ஆச்சரியப்படுத்தும்.

ஈற்றுப் பெட்டி

நடுத்தர முயலுக்கு ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரமுள்ள மரப்பெட்டி போதும். முன்பக்கத்தை மட்டும் தாழ்த்தி வெட்டுங்கள்; தாய் ஏறி இறங்க வேண்டும், குட்டி வெளியே உருளக் கூடாது. அடியில் சிறு துளைகள், மேலே உலர்ந்த புல். பஞ்சும் நூலும் வேண்டாம், குட்டியின் காலில் சுற்றிக்கொள்ளும். மெத்தையைத் தாயே தன் மார்பு உரோமத்தால் செய்துகொள்ளும்.

மணல் தரையுள்ள ஊரில் குட்டிகளுக்கு முதல் எதிரி எறும்பு. கூட்டின் கால்களைத் தண்ணீர் நிறைத்த தகரப் பேணிகளில் நிறுத்துங்கள். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரையுங்கள், வாரம் ஒருமுறையாவது கொட்டிப் பேணியைத் தேய்த்துக் கழுவுங்கள். இல்லாவிட்டால் டெங்கு நுளம்பை வளர்ப்பீர்கள். எலி, பாம்பு, பூனை, காகம், உடும்பு எதுவும் நுழையாதபடி வலையின் ஓட்டைகளையும் இப்போதே அடையுங்கள்.

"தாய் பார்க்குதில்லை" என்ற தவறு

ஈற்று பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ நடக்கும். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவது வழக்கம். காலையில் தாயை ஒரு கீரைக் கட்டால் திசைதிருப்பி, கையைக் கழுவி, கூட்டுப் புல்லில் கையைத் தேய்த்துவிட்டு, குட்டிகளை எண்ணுங்கள். இறந்தவற்றை எடுத்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் வளர்ப்பு முயல் குட்டியை ஒதுக்கிவிடும் என்பது பெரும்பாலும் வெறும் நம்பிக்கை.

இதன் பிறகுதான் பல வீடுகளில் குட்டிகள் அநியாயமாகச் சாகின்றன. தாய் பெட்டிக்குள் போவதே இல்லை, குட்டிகள் பசியில் கிடக்கின்றன என்று எண்ணி, பசும்பாலையோ பால்மாவையோ ஊட்டத் தொடங்குகிறார்கள். தாய் முயல் குட்டிகளோடு படுத்திருக்காது. நாளுக்கு ஒருமுறை, சிலவேளை இருமுறை, மூன்று முதல் ஐந்து நிமிடம் மட்டுமே பால் கொடுத்துவிட்டு விலகிப் போகும். எதிரிக்குக் கூட்டைக் காட்டிக்கொடுக்காமலிருக்க இயற்கை வைத்த வழி அது. அடையாளம் குட்டியின் வயிற்றில் இருக்கிறது. உருண்டையாக, இறுகி இருந்தால் பால் கிடைத்திருக்கிறது. சுருங்கி, தோல் மடிந்து இருந்தால் கிடைக்கவில்லை.

ஒரு நாள் முழுவதும் எல்லாக் குட்டிகளும் சுருங்கியே இருந்தால் வைத்தியரை அழையுங்கள். அதற்கிடையில் தாயை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்து, தலையைத் தடவி, குட்டிகள் பால் குடிக்க விடலாம். கையால் ஊட்டி வளர்ப்பது கடைசி வழி. அதில் பிழைப்பவை குறைவு. குட்டி குளிர்ந்திருந்தால் முதலில் கைச்சூட்டில் வெப்பமாக்குங்கள். குளிர்ந்த குட்டிக்குப் பால் ஊட்டினால் செரிக்காது. குட்டியை மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

பகலில் குட்டிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி மூச்சிரைத்தால், மேலுள்ள உரோமத்தைச் சிறிது எடுத்துவிடுங்கள். இரவில் திரும்ப மூடுங்கள்.

தாமதிக்கக் கூடாதவை

பெட்டை அரை மணி நேரத்துக்கு மேல் முக்கியும் குட்டி வராவிட்டால், குட்டி பாதியில் சிக்கினால், இரத்தம் தொடர்ந்து வந்தால், துர்நாற்றமுள்ள திரவம் கசிந்தால், மார்பு சூடாகி இறுகி நீலம் பாய்ந்தால், 12 மணி நேரமாக எதுவும் தின்னாமல் இருந்தால் அன்றே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். "நாளைக்குப் பார்ப்போம்" என்பது முயல் விடயத்தில் பெரும்பாலும் பிந்திவிடும்.

குட்டிகளை என்ன செய்வது?

10 முதல் 12 நாளில் கண் திறக்கும். மூன்றாவது வாரத்தில் புல் கடிக்கும். எட்டு வாரம்வரை தாயோடு விடுங்கள். பத்து வாரத்துக்குள் ஆண்களைப் பிரித்துவிடுங்கள். குறியைச் சுற்றி மெல்ல அழுத்தினால் ஆணுக்கு வட்டமான துவாரமும் பெண்ணுக்கு நீண்ட பிளவும் தெரியும். சந்தேகமென்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். கொடுக்கும் வீட்டுக்கு ஆண், பெண் எது என்பதைச் சரியாகச் சொல்லிக் கொடுங்கள். உங்களுக்கு நடந்தது அவர்களுக்கும் நடக்க வேண்டாம்.

"பற்றைக்குள் விட்டால் பிழைத்துக்கொள்ளும்" என்று திறந்துவிடாதீர்கள். வளர்ப்பு முயல் பெரும்பாலும் அன்றிரவே நாய்க்கோ நரிக்கோ இரையாகும். பிழைத்தாலும் நல்லதல்ல. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் அத்திலாந்திக் கடலின் போர்ட்டோ சாண்டோ தீவுக்குப் போன கப்பலில், ஒரு பெட்டை முயல் பயணத்தின்போதே குட்டி போட்டது. தாயையும் குட்டிகளையும் தீவில் இறக்கிவிட்டார்கள். அவை பெருகி விளைச்சலைத் தின்றதால், குடியேறியவர்களே அந்தத் தீவைக் கைவிட நேர்ந்தது என்று 1868இல் வெளிவந்த தன் நூலில் டார்வின் எழுதியிருக்கிறார். எதிர்பாராத ஒரே ஒரு ஈற்றில் தொடங்கிய கதை அது. வெங்காயத்தையும் மிளகாயையும் நம்பி வாழும் ஒரு மணற்குடாநாடு இதை மறக்கக் கூடாது.

கூட்டில் இப்போது இரண்டு முயல்கள் ஒன்றாக இருந்தால், இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு ஒன்றைத் தூக்கி வேறு கூட்டில் விடுங்கள். பிறகு சுவரிலுள்ள நாட்காட்டியில் இன்றைய திகதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள்.